தரிசு நிலத்தை என்ன செய்வது? மியாவாக்கி, நாட்டுக் காடு, வெறும் வேலி, கொரங்காடு

"அப்பா காலத்தில் கம்பும் துவரையும் விளைந்த 3 ஏக்கர். பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. பறவைகள் வருகிற மாதிரி ஒரு காடாக்கிவிட ஆசை. மியாவாக்கி போடலாமா, இல்லை நாட்டு மரங்களை இடைவெளி விட்டு நடலாமா?" அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மியாவாக்கி என்பது கன்றுகளை மிக நெருக்கமாக நடும் ஜப்பானிய முறை. இதே கேள்வி புதுக்கோட்டையிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வேறு வார்த்தைகளில் வந்திருக்கிறது. எல்லோரும் நடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். எப்படி நடுவது என்பதுதான் பாக்கி.

நடத்தான் வேண்டுமா என்பதிலிருந்து நான் தொடங்க விரும்புகிறேன். அதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. சில வருடங்களுக்கு முன் நானும் நண்பர்கள் நாலைந்து பேரும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே இருக்கும் பொட்டலில் குழி வெட்டினோம். காலையிலிருந்து ஒரு ஜோடி ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. ஆளைக் கண்டால் கத்துகிற பறவைதானே என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் குனிந்து காட்டினார். சரளைக் கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றும் இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு லேசான பள்ளம். ஒரு முழம் தள்ளி எங்கள் குழி. "தம்பி, இந்தப் பொட்டல்ல எந்தக் காலத்துல மரம் நின்னுச்சு? கண்மாய்க்கரையில வைக்காம இங்க வந்து வைக்கிறீக" என்றார். வைத்த கன்றுகளில் மறு வருடம் மிஞ்சியவை ஒரு வேம்பும் இரண்டு புங்கமும்.

ஆகவே நீங்கள் கேட்ட இரண்டோடு நான் இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன்: ஒன்றும் நடாமல் வேலி மட்டும் போட்டு விடுவது, புல்லும் நாலு மரமுமாக மேய்ச்சல் நிலமாகவே வைத்திருப்பது. இந்தக் கடைசி வகையைத்தான் கொங்கு நாட்டில் கொரங்காடு என்பார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, அந்த இடம் உழவுக்கு வருவதற்கு முன் என்னவாக இருந்தது என்பது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஊரில் ஆடு மேய்த்த வயதானவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் ஐயனார் கோயில் காடு இருந்தால் போய் என்ன நிற்கிறது என்று பாருங்கள். நிலத்துக்கு ஊரார் சொல்லும் பெயரும் பேசும். உசிலை மரம் உசிலம்பட்டிக்கும் விராலிச் செடி விராலிமலைக்கும் பெயர் கொடுத்தது போல, உங்கள் காட்டுக்கும் 'ஆவாரங்காடு', 'இலந்தைமேடு' என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். ஆவாரை என்றால் வெயில் அடிக்கும் திறந்த புதர்க்காடு. அங்கே அடர்ந்த சோலையை எதிர்பார்ப்பது வீண்.

இரண்டாவது தண்ணீர். தமிழகத்தின் கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் மழையின் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். ஆனால் நாம் மரம் நடும் விழாவை ஜூன் 5-ல் வைத்துக்கொள்கிறோம். 1972-ல் ஸ்டாக்ஹோமில் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. விருதுநகர் மண்ணில் அன்றைக்கு நட்ட கன்று நல்ல மழையைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நடுவதாக இருந்தால் புரட்டாசி கடைசி, ஐப்பசி. எந்த முறையானாலும் இது மாறாது.

மூன்றாவது, நீங்கள் அங்கே இருப்பீர்களா என்பது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு மாதம் ஒருமுறை படம் அனுப்பச் சொல்லிக் காடு வளர்ப்பது, பால்மாட்டைத் தொலைபேசியில் கறப்பது மாதிரி.

நான்காவது, யாருக்கு வீடு. "பறவைகள் வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கொண்டைக்குருவியும் குயிலும் மரம் வந்தால் வரும். வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி மாதிரி தரையில் முட்டையிடுபவை மரம் அடர்ந்தால் போய்விடும். திறந்த வெளியில் நாலு உயரமான மரம் வந்தால் காக்கையும் பருந்தும் அதில் உட்கார்ந்து முட்டைகளை நோட்டம் விடும். ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவர் கிளம்புவார், எந்த முறையிலும் இதற்கு விலக்கில்லை.

செலவைத் தனியாகச் சொல்லவில்லை. கன்றின் விலை எல்லோருக்கும் தெரியும். தெரியாத செலவுகளை அந்தந்தத் தலைப்பில் சொல்கிறேன்.

## அதற்கு முன் சீமைக் கருவேலம்

பத்து வருடம் சும்மா கிடந்த நிலம் என்றால் இது இல்லாமல் இருக்காது. நெற்றை ஆடு மாடு தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். 2017-ல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தென் மாவட்டங்களில் ஜேசிபி ஓடியபோது பலரும் கண்டது இதைத்தான்: ஒரே வாரத்தில் வெட்டவெளி, இரண்டு மழை கழிந்ததும் முன்னைவிட நெருக்கமாக முளைத்த கருவேலம்.

மொத்தமாகப் பிடுங்கி நிலத்தை அம்மணமாக விடாதீர்கள். துண்டு துண்டாக வேரோடு எடுங்கள், எடுத்த துண்டில் உடனே வேறு ஏதாவது நிற்கட்டும், அதாவது புல்லோ புதரோ கன்றோ. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கம் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆட்கள் வந்து வெட்டிக்கொண்டு போவார்கள், கொஞ்சம் பணமும் தருவார்கள். ஆனால் அவர்கள் தூரோடு எடுக்க மாட்டார்கள். தூர்தான் உங்கள் செலவு. முளைத்த முதல் வருடம் மழை ஈரத்தில் கையால் பிடுங்கலாம். மூன்று வருடம் விட்டால் இயந்திரம்தான்.

## மியாவாக்கி

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) தன் நாட்டில் கோயில்களைச் சுற்றி எஞ்சியிருந்த காடுகளைப் படித்து, மனிதர் கை படாவிட்டால் ஓர் இடத்தில் இயல்பாக எந்த மரக்கூட்டம் நிற்கும் என்று கண்டறிந்து, அதே கூட்டத்தை நெருக்கமாக நட்டார். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள். ஒளிக்குப் போட்டி போட்டு அவை வேகமாக உயரும், இரண்டு மூன்று வருடத்தில் நிழல் மூடிக் களையை அடக்கிவிடும். முறையின் உயிர் அந்தக் கோயில் காட்டுப் படிப்பில்தான் இருக்கிறது. நம் ஊரில் நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மியாவாக்கி என்று பலகை வைத்த இடங்களில் மயில்கொன்றையையும் தூங்குமூஞ்சியையும் பார்த்திருக்கிறேன். ஒன்று மடகாஸ்கர், இன்னொன்று தென் அமெரிக்கா.

கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர், அதாவது குறைந்தது 120 கன்று. ஒரு ஏக்கருக்கு 12,000. கன்று 30 ரூபாய் என்று வைத்தாலே 3,60,000 ரூபாய், மண் வேலையும் கூலியும் தனி. தண்ணீர் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். இது இரண்டு கோடைக்கு. ஆழ்துளைக் கிணற்றில் ஒன்றரை இன்ச் தண்ணீர் வரும் ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னால் பக்கத்துத் தோட்டக்காரர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

யாரும் சொல்லாத செலவு ஒன்று உண்டு. இந்த முறையில் மண்ணை மூன்றடி தோண்டிக் கிளறி, உமி, தொழுவுரம், தென்னை நார்க்கழிவு எல்லாம் கலப்பார்கள். நகரத்தில் கட்டடக் கழிவு கொட்டிய இடத்துக்கு அது மருந்து. உங்கள் மானாவாரி நிலத்திலோ அந்த மூன்றடிக்குள்தான் ஆவாரையின் வேர், இலந்தையின் அடித்தூர், புல்லின் கிழங்கு, பல வருட விதை எல்லாம் இருக்கிறது. காடு வளர்ப்பதற்காக ஏற்கெனவே இருந்த காட்டைத் தோண்டிப் போட்டுவிடுகிறோம்.

சரி, இது எங்கே நல்லது? இடம் 5, 10 சென்ட்டுக்குள், மண் ஏற்கெனவே கெட்டுப்போனது, தண்ணீர்க் குழாய் பக்கத்தில், தூசியும் சத்தமும் மறைய வேண்டும், மூன்று வருடத்தில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. பள்ளி மூலை, ஆலை மதிலோரம், மாநகராட்சித் துண்டு நிலம். சென்னையில் கோட்டூர்புரத்தில் போட்டது அந்த வகை. 3 ஏக்கர் புஞ்சைக்கு வேண்டாம்.

## நாட்டுக் காடு நடுவது

10 அடிக்கு ஒரு கன்று என்றால் ஏக்கருக்கு 435. செலவு கையில் அடங்கும். கேள்வி, எந்த மரம் என்பது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு தனி வகைக் காடு உண்டு. மழை குறைவு, ஆனாலும் வருடம் முழுக்க இலை பச்சையாக இருக்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்வார்கள். வீரை, உலக்கைப்பாலை, காயா, காட்டு எலுமிச்சை, நாவல் என்று குட்டையான, தோல் மாதிரி இலை கொண்ட மரங்கள், நடுவே களாவும் காரையும் கொடிகளும். இந்தக் காட்டின் மிச்சங்கள் பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் தப்பியிருக்கின்றன. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே இருக்கும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் ஒரு மதியம் போய்ப் பாருங்கள். வெளியே தார் ரோடு கொதிக்கும், உள்ளே பத்தடி போனதும் தோளில் குளிர் இறங்கும்.

பக்கத்திலேயே ஆரோவில். 1968-ல் தொடங்கியபோது அரித்துப்போன செம்மண் மேடு. முதலில் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். அப்புறம் சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கை நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கத்திச் சவுக்குகள் பல சாய்ந்தன. அதற்குள் கீழே அடுத்த தலைமுறை வளர்ந்திருந்தது. நாற்பது வருட வேலை அது. அதைப் பார்த்துவிட்டு வந்து "நாலு வருஷத்துல இப்படி ஆகிடுமா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணத்தைவிட அலைச்சல். நாற்றுப் பண்ணையில் போய் வீரை கேட்டால் மகாகனி தருவார்கள். விதையை நீங்களே சேகரிக்க வேண்டிவரும். நாவல், வேம்பு விதைகளை எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்று நினைக்க முடியாது, பழுத்த சூட்டோடு விதைக்க வேண்டும். உலக்கைப்பாலை வருடத்துக்கு எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்க ஸ்கேல் வேண்டும். முதல் இரண்டு கோடைக்குக் கன்றுக்கு வாரம் ஒரு குடமாவது ஊற்ற ஆள் வேண்டும். ஆடு, மாடு நுழையாமல் வேலியும் வேண்டும்.

எங்கே நல்லது: கடலோர மாவட்டங்களின் செம்மண், மணல் கலந்த நிலம். பக்கத்தில் கோயில் காடு இருந்தால் இன்னும் நல்லது, விதையும் கிடைக்கும், விதை கொண்டுவரும் பறவையும் கிடைக்கும். புதுக்கோட்டைக்காரருக்கு இதைத்தான் சொன்னேன்.

## வேலி மட்டும்

கேட்டால் சோம்பேறித்தனமாகத் தெரியும். நான் பார்த்தவரை உலர் நிலத்தில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ஆடும் தீயும் வெட்டுக்கத்தியும் வராமல் பார்த்துக்கொண்டால், மண்ணுக்குள் இருக்கும் அடித்தூர்கள் தானாகத் துளிர்க்கும். முதலில் ஆவாரை, விராலி, சங்கு, சூரை முள் மாதிரி யாருக்கும் பிடிக்காத புதர்கள். கொண்டைக்குருவி அந்தப் புதரில் உட்கார்ந்து எங்கோ தின்ற பழத்தின் விதையைப் போடும். முள்ளுக்குள் விழுந்த வேப்பங்கொட்டை ஆட்டு வாய்க்குத் தப்பி, புதரின் நிழலில், அது மூடிவைத்த ஈரத்தில் முளைக்கும். நாலு வருடம் கழித்து முள்ளின் நடுவிலிருந்து வேம்பின் தலை வெளியே வரும்போதுதான் அது இருப்பதே தெரியும். உங்கள் வரப்பில் பனை நின்றால் அதன் அடியைப் போய்ப் பாருங்கள். காகமும் குயிலும் போட்ட வேம்பும் அரசும் இப்போதே அங்கே நிற்கும். நட்ட கன்றுக்கு நாம் குடத்தில் ஊற்றுவோம். தானாக முளைத்தது தன் வேரை அந்த மண்ணுக்கு ஏற்றபடி முதலிலேயே இறக்கிவிட்டிருக்கும்.

செலவு வேலிதான். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி, 3 ஏக்கருக்குச் சுமார் 1,450 அடி. நிலம் பெரிதாகப் பெரிதாக ஏக்கருக்கு வேலிச் செலவு குறையும், நீளமான துண்டாக இருந்தால் கூடும். கல்காலும் கம்பியும் போட்டால் பெரிய தொகை. கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு உயிர்வேலியாக்கினால் தொகை இறங்கும், ஆனால் அது அடைய இரண்டு மூன்று வருடம், அதுவரை முள்ளை வெட்டிப் போட்டு மறைக்க வேண்டும்.

பணமில்லாத செலவுகள் இன்னும் பெரியவை. முதல் மூன்று வருடம் உங்கள் நிலம் அசிங்கமாக இருக்கும். "பாம்பு அடையுது, சுத்தம் பண்ணுங்க" என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வார். சொந்தக்காரர்கள் நிலத்தை விட்டுவிட்டான் என்பார்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லில் யாராவது பீடி போட்டால் மொத்தமும் போகும், தை மாதமே சுற்றிலும் ஆறடி செதுக்கி வைக்க வேண்டும். அதுவரை அங்கே ஆடு மேய்த்தவர்களிடம் பேசாமல் வேலி போட்டால் வேலி ஒரு வருடம்கூட நிற்காது. ஊர்ப் பொது நிலம் என்றால் அது பெரும்பாலும் மேய்ச்சல் புறம்போக்கு. அங்கே வேலி போடுவதை ஊர்க் கூட்டத்தில் பேசித்தான் செய்ய வேண்டும்.

எங்கே சரிவராது: பல தலைமுறை ஆழ உழுது, ரசாயனம் போட்டு, அடித்தூர் ஒன்றுகூட மிஞ்சாத நிலம், சுற்றுவட்டாரத்தில் விதை தரும் தாய்மரமே இல்லாத இடம். அங்கே காத்திருந்தால் சீமைக் கருவேலம் மட்டும்தான் வரும்.

## கொரங்காடு

கொங்கு நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல் விட்டு, ஆங்காங்கே வெள்வேல மரம் நிற்க விட்டு, மாட்டையும் செம்மறியையும் துண்டு மாற்றி மேய்ப்பார்கள். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு.

'காடு' என்றால் அடர்ந்த மரம் என்று எப்போது ஆனது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். எங்கள் ஊரில் புஞ்சைக்குப் போவதைத்தான் 'காட்டுக்குப் போறேன்' என்பார்கள். முல்லைத் திணையைக் காடும் காடு சார்ந்த இடமும் என்று சொல்லிவிட்டு, அங்கே ஆநிரை மேய்ப்பதையே தொழிலாக வைத்தார்கள். மாடு மேய வேண்டுமானால் புல் வேண்டும், புல்லுக்கு வெயில் வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதியதால் அந்த இடங்கள் காலி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இந்தப் புல்லுக்குள்தான் தரையிலேயே இரவு தங்குகின்றன, வெட்டுக்கிளியைத் தின்கின்றன. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் நுழைந்ததைப் பார்த்தவர்களுக்கு, புல் போனால் யார் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நான்கில் வருமானம் தருவது இது ஒன்றுதான். மேய்ச்சலுக்குக் குத்தகை விடலாம், வெள்வேல மரம் விலை போகும். கஷ்டம், மேய்ச்சலை எண்ணி விடுவது. துண்டு மாற்றாமல் வருடம் முழுக்க ஆடு நின்றால் கொழுக்கட்டைப் புல் போய்ப் பொட்டல் ஆகிவிடும். ஆள் இல்லாத நிலத்துக்கு இது ஒத்துவராது. வெளியூரில் இருப்பவர் குத்தகைக்காரரின் பொறுப்பை நம்பியே இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஏக்கருக்குக் கன்று | தண்ணீர் | எதிர்பாராத செலவு | யார் வருவார்கள் | எவ்வளவு காலம் |
|---|---|---|---|---|---|
| மியாவாக்கி | 12,000 | தினமும், இரண்டு கோடை | பழைய வேர், விதை அழிவது | தேன்சிட்டு, தையல்சிட்டு, பட்டாம்பூச்சி | 3 வருடம் |
| நாட்டுக் காடு | 435 | வாரம் ஒருமுறை, இரண்டு கோடை | விதை தேடும் அலைச்சல் | குயில், பழம் தின்னும் பறவைகள், மரநாய் | 15 வருடத்துக்கு மேல் |
| வேலி மட்டும் | இல்லை | இல்லை | வேலி, தீ, ஊர்ப் பேச்சு | கௌதாரி, கொண்டைக்குருவி, உடும்பு | 5 முதல் 10 வருடம் |
| கொரங்காடு | சில வெள்வேலம் | இல்லை | மேய்ச்சலைக் கவனிக்க ஆள் | வானம்பாடி, பூனைப்பருந்து, ஆள்காட்டி | 2, 3 வருடம் |

காலக் கணக்கு என் அனுபவத்தில் சொல்வது. நல்ல மழை இரண்டு வருடம் தொடர்ந்தால் முந்தும், பொய்த்தால் பிந்தும்.

## அருப்புக்கோட்டைக்காரருக்கு

உங்களுடையது கரிசல், கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். நட்ட கன்றின் வேரை அந்த வெடிப்பே அறுத்துவிடும். அதனால் 3 ஏக்கரையும் ஒரே முறைக்குக் கொடுக்க வேண்டாம்.

இந்த வருடம் ஒன்றும் நடாதீர்கள். வேலியைப் போட்டுவிட்டு ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்கப் பாருங்கள். மழை நின்ற மறுநாள் தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது, எந்தப் புல் முதலில் தலை தூக்குகிறது, எந்த அடித்தூர் துளிர்க்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீமைக் கருவேலக் கன்றை மட்டும் ஈரத்திலேயே பிடுங்கிவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் நின்ற மூலையிலும் வரப்போரத்திலும் புங்கம், நாவல், இலுப்பை, நாட்டுக் கருவேல் என்று நூறு கன்றுக்குள் வையுங்கள். நடு நிலத்தைப் புல்லுக்கு விடுங்கள். வீட்டுப் பக்கம் 3 சென்ட்டில் மியாவாக்கி ஆசையையும் தீர்த்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் கிணறு தாங்கும்.

அவர் இப்போது கல்காலுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். தாராபுரத்துக்காரர் வரப்பில் கிளுவை அடைந்து கிடக்கிறது, ஒரு வண்டி போத்து வெட்டிக்கொள்ளச் சொல்வாரா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.